மைல்கல்லின் மலைச்சாலை

என் அக்காள் புருஷனுக்கு ஊரில் மைல்கல் என்று பேர். வைத்தவர்கள் லாரிக்காரர்கள். மலைச்சாலையில் எந்த வளைவில் திரும்பினாலும் சுண்ணாம்பு வாளியோடு அத்தான் நிற்பார். சிரிக்கமாட்டார், நகரமாட்டார், இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் மட்டும் சரியாகச் சொல்வார். அந்தப் பேர் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கல் என்று சொன்னால் பூரித்துப்போகிற ஜென்மத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவருக்குச் சாலைப் பராமரிப்பு வேலை. சாலையோர ஓடையில் மண் அடைத்தால் வாருவது, தாரில் குழி விழுந்தால் மூடுவது, பள்ளத்துப் பக்கம் வரிசையாக நட்டிருக்கும் ஓரக்கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது. ஏதாவது வண்டி உரசி அந்தக் கல் உடைந்தால் மதியத்துக்குள் புதுக்கல் நட்டு வெள்ளையும் அடித்துவிடுவார். உடைந்த துண்டுகளை யார் சுமப்பது? கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பிப் பள்ளத்தில் உருட்டிவிடுவார்கள். அவர் மட்டுமில்லை, அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் அதுதான் வழக்கம். காட்டுப் பள்ளம்தானே, கேட்க நாதி ஏது?

அக்கா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் பெற்ற ஒரே பெண்ணை நான்தான் வளர்த்தேன். வளர்ந்து கல்யாணமான பிறகும் எங்களுக்கு அவள் பாப்பாதான். ஒரு லாரி டிரைவரை அவளே பார்த்துக் கட்டிக்கொண்டாள். அத்தானுக்கு மாப்பிள்ளையைக் கண்டாலே ஆகாது. "என் கல்ல உரசிட்டுப் போற பயலுக்கே என் பொண்ணா?" என்று குதித்தார். மாப்பிள்ளை சும்மா இருந்தானா? "மாமா, உங்க கல்லுக்கும் ஒரு மாப்பிள்ளை பாத்துடலாம்" என்று சிரித்தான். தங்கமான பையன். அத்தான் அதற்கப்புறம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவேயில்லை.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு மழை ராத்திரி மாப்பிள்ளை புது டயர் லோடு ஏற்றிக்கொண்டு அந்த மலைச்சாலையில் போனான். கிளீனருக்குக் காய்ச்சல் என்பதால் தனியாகத்தான் போனான். மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. வண்டியும் இல்லை, டயரும் இல்லை, ஆளும் இல்லை.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. அத்தானையும் அவருடைய ஓவர்சியரையும் நிற்க வைத்துக் கேட்டார்கள்: "ரோட்டுல எங்கயாவது கல் உடைஞ்சிருந்துச்சா?"

அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார். "என் ரோட்டுல ஒரு கல்லுகூடச் சாயலீங்க. வேணும்னா நடந்து பாருங்க."

நடந்து பார்த்தார்கள். எல்லாக் கல்லும் நேராக, வெள்ளையாக நின்றது. பிறகென்ன? லோடை விற்றுவிட்டு ஓடிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். லாரி முதலாளி வாசலில் நின்று கத்தினார். ஊர் வாயை மூட முடியுமா? எங்கள் வீட்டுக்கே திரும்பிவிட்ட பாப்பா குழாயடிக்குப் போனால், "டயர்க்காரன் பொண்டாட்டி வர்றா, வழி விடுங்கடி" என்பார்கள். அதைவிட மோசம் வீட்டுக்குள். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அத்தான் ஆரம்பிப்பார்: "ஓடுகாலிப் பய. எவ கூட இருக்கானோ."

"அவர் அப்படிப்பட்டவர் இல்லப்பா" என்பாள் பாப்பா. அவ்வளவுதான். வருஷக்கணக்காக அந்த ஒரே பதில். அவன் தன்னை விட்டுவிட்டுப் போகவில்லை என்று யாராவது ஒருத்தர் சொல்லமாட்டார்களா என்று அவள் ஏங்கியது எனக்குத் தெரியும்.

இதற்கிடையே மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டார்கள். பழைய சாலையின் வாயில் மண்ணைக் கொட்டி அடைத்துவிட்டார்கள். அத்தானும் ஓய்வு பெற்றார்.

போன மழைக்காலம் முடிந்ததும் பாப்பா விறகு வாங்கப் போனாள். விறகுக்காரன் ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தான். டிரைவர் பெண்டாட்டி அல்லவா, பார்த்ததும் நின்றுவிட்டாள். ஓரத்தில் ரப்பர் முள்ளெல்லாம் அப்படியே இருந்தது. ஒரு அடிகூட ஓடாத டயர். "எங்க கெடச்சுச்சு?" என்றாள். "மலையிலேர்ந்து வர்ற ஓடையில" என்றான்.

மறுநாள் காலையிலேயே மூவரும் கிளம்பினோம். அத்தான் ஏன் வந்தார் என்றால், அந்தச் சாலையைக் காட்ட அவரை விட்டால் ஆள் இல்லை என்ற மண்டைக்கனம்தான்.

மண் மேட்டைத் தாண்டினோம். பஸ்ஸும் லாரியும் ஒதுங்க இடமில்லாமல் திணறின சாலையா இது? தாரைப் பிளந்துகொண்டு நடுவிலேயே ஆள் உயரத்துக்கு மரங்கள். கோடு போட்ட இடமெல்லாம் பாசி. 'ஒலி எழுப்பவும்' என்ற பலகையில் பாதியை ஒரு மரம் தன் அடிமரத்துக்குள் விழுங்கியிருந்தது. சாலையோர ஓடையில் தண்ணீருக்குப் பதில் செடி ஓடியது. ஒரு சாரைப்பாம்பு நிதானமாகக் குறுக்கே போனது. வண்டியா வரப்போகிறது, அதற்கென்ன அவசரம்.

அத்தான் செடிகளைத் திட்டிக்கொண்டே வந்தார். "நான் இருந்தப்ப ஒரு புல்லு மொளைக்குமா இங்க? பாருடி, இந்தச் சனியனுங்களை!" ஒவ்வொரு கல்லிலும் கொடியை விலக்கிவிட்டுத் தடவிப் பார்த்தார். பெற்ற பெண்ணை அவர் அப்படி ஒரு நாள் தடவிக்கொடுத்துப் பார்த்ததில்லை.

பாறை வளைவுக்கு வந்தோம். மழையில் அங்கே சாலையோரமே சரிந்து, புதரையெல்லாம் வழித்துக்கொண்டு போயிருந்தது. வெகு கீழே துருப்பிடித்த ஒரு லாரி, சக்கரம் மேலே பார்க்கக் கிடந்தது. சுற்றிலும் டயர்கள்.

நான் பிடிக்குமுன் பாப்பா வேரைப் பற்றிக்கொண்டு இறங்கிவிட்டாள். நாங்கள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். முன்பக்கத்தில் குனிந்து பார்த்தவள் கத்தினாள்: "சித்தி! கதவு தொறந்திருக்கு! உள்ள யாருமில்ல!"

அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது. பாவி மகள், அவன் பிழைத்துவிட்டான் என்று நினைத்துவிட்டாள்.

"பாத்தியா?" என்றார் அத்தான். "வண்டிய உருட்டி விட்டுட்டு ஓடியிருக்கான். நான் அன்னைக்கே சொல்லல?"

பாப்பா வேறு பக்கமாக ஏறி வந்தாள். எங்களுக்குக் கொஞ்சம் கீழே வரும்போது நின்றாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் சறுக்கிக்கொண்டு இறங்கினேன்.

அங்கே இருந்தான் மாப்பிள்ளை. எலும்பாக. உடைந்த கால் எலும்போடு ஜாக்கி லிவரைச் சேர்த்து வைத்து, தன் பெல்ட்டால் இறுக்கிக் கட்டியிருந்தான். பெல்ட் அவள் வாங்கிக்கொடுத்தது. அந்தக் காலை இழுத்துக்கொண்டு, அவ்வளவு செங்குத்தில், ஏறக்குறைய சாலை வரைக்கும் ஏறி வந்திருக்கிறான். நெஞ்சுக்கூட்டின் மேல் ஒரு ஓரக்கல்லின் பாதி கிடந்தது. மழை படாத அடிப்பக்கத்தில் இன்னும் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

பாப்பா அழவில்லை. மேலே பார்த்தாள். "அப்பா, லாரி இடிச்ச கல்லுன்னா லாரி கிட்டத்தான கெடக்கணும்? இது ஏன் இங்க கெடக்கு?"

அத்தான் எட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போய்விட்டது.

"அவர் போன மறுநாள் காலையில இந்த வளைவுல கல்லு நட்டியா?"

"வாரத்துக்கு ரெண்டு உடையும்மா... எவனாவது உரசியிருப்பான்னு..."

"நட்டியா?"

"நட்டேன்."

"போலீஸ் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"ஓவர்சியர் பக்கத்துல நின்னாரு. என் ரோட்டுல குத்தம்னு எப்படிம்மா சொல்றது?"

"பாதிக் கல்லை உருட்டி விட்டியா?"

"வழக்கமா அப்படித்தானம்மா. கீழ ஆள் இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"சத்தம் ஒண்ணும் கேக்கலயா?"

அத்தான் பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆயுசுக்கும் சொல்லாத உண்மையை அந்த மனுஷனுக்கு அப்போதுதான் சொல்லத் தோன்றியது.

"கேட்டுச்சு. கொரங்கு கத்துதுன்னு நெனச்சேன்."

பாப்பா அந்தக் கல்லைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். "ஓடிப்போயிருந்தா எங்கயாச்சும் உசுரோட இருந்திருப்பாரு சித்தி" என்றாள். அப்போதுதான் அழுதாள். அத்தான் கை நீட்டி, "ஏறி வாம்மா" என்றார். அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

போலீஸ் வந்தது, எலும்பைக் கொடுத்தார்கள், ஊரும் வந்து உச்சுக் கொட்டியது. குழாயடியில் வாய் கிழியப் பேசினவர்கள்தான் முன்வரிசையில் நின்று அழுதார்கள். அவ்வளவுதான் ஊர்.

அத்தானுக்கு அதற்கப்புறம் இடுப்பு விழுந்துவிட்டது. பின்னறையில் கட்டிலோடு கிடக்கிறார். பாப்பா அவருக்குச் சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், மருந்து வாங்கி வைக்கிறாள். பேசுவது மட்டும் இல்லை.

நேற்று மத்தியானம் நானும் அவளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பின்னறையிலிருந்து அத்தான் கூப்பிட்டார். "பாப்பா... தண்ணி... யாராச்சும் இருக்கீங்களா?" விடாமல் கூப்பிட்டார். குரல் போகப்போகக் கம்மியது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"கொரங்கு கத்துது சித்தி" என்றாள், தட்டிலிருந்து தலையை எடுக்காமல். "கதவைச் சாத்து."

நான் எழுந்துபோய்ச் சாத்தினேன்.