ஒற்றைக்காலில் நின்ற ஏணியக்கா

முப்பத்தொரு வருடமாக ஜன்னல் திரைகள் தைத்து, வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுக்கிறவர் அவர். ஏழு படி மர மடக்கு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால், வருவது ஆளா ஏணியா என்றே தெரியாது. அதனால் எல்லோருக்கும் அவர் ஏணியக்கா. அத்தனை வருடத்தில் அந்த ஏணியிலிருந்து ஒரு தடவைகூட விழுந்ததில்லை. விழுந்தது சொந்த வீட்டில், சமதரையில், அறுபத்தாறாவது வயதில். தைத்த திரை காலில் சுற்றியது, கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்துவிட்டது.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மாடியிலிருந்து விழுந்தீங்களா?"

"இல்ல டாக்டர். நின்ன இடத்துலயேதான்."

"நின்ன இடத்துல விழுந்தா இப்படி உடையக்கூடாதே. வேற ஏதாவது பிரச்சினை இருக்கா? சர்க்கரை, ஈரல்?"

ஏணியக்கா கூட வந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு வருடம் முன்பு வயிற்று ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று வந்திருந்தது. அன்று வீட்டுக்கு வந்து மகளிடம், "எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு உங்கப்பா காலம் பூரா சொன்னாரு. இப்ப மெஷினே சொல்லிடுச்சு" என்று சிரித்தார். பிறகு, அட்டை போட்ட அந்த ரிப்போர்ட்டை நான்காக மடித்து, ஏணியின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் ஏணியோடு அவருடைய ஈரலும் கூடவே போனது.

மறுநாள் மகள் அதைக் கொண்டுவந்து டாக்டர் மேஜையில் வைத்தாள். நடுவில் ஏணிக்காலின் சதுரத் தடம் பதிந்திருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், பிறகு ஏணியக்காவைப் பார்த்தார்.

"கொஞ்சம் சதை இருந்தா விழும்போது தாங்கும்னுதான் நெனச்சேன்" என்றார் ஏணியக்கா, கேட்காமலேயே.

"நிறைய பேர் அப்படித்தான் நெனைக்கிறாங்க. ஈரல்ல கொழுப்பு இருக்கிற வயசானவங்க சில பேருக்கு எலும்பும் பலவீனமா இருக்கு. இதனாலதான் அதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா உட்கார்ந்தே இருக்கிறது ரெண்டுக்குமே ஆகாது."

"உட்கார்ந்தே இருக்கேனா? நான் ஏணி ஏறுறவ!"

"ஏணியில ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? தையல் மெஷின்ல எவ்வளவு நேரம்?"

ஏணியில் அரை மணி. மெஷினில் எட்டு மணி. மெஷின் டிராயரில் நூல்கண்டுகளை விட பிஸ்கட்தான் அதிகம்.

அடர்த்தி பார்க்கும் ஸ்கேனும் எலும்பு மெலிந்திருக்கிறது என்றது. வாரத்துக்கு ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் ஏணியைச் சங்கிலி போட்டுப் பூட்டினாள்.

"போதும்மா. யாருக்காவது குடுத்துடலாம்."

"அதைக் குடுத்துட்டா நான் யாருடி?"

கோபமாகத்தான் கேட்டார். ஆனால் அவருக்குள் இருந்தது பயம். தைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஜன்னலின் உயரம் பார்த்து, மடிப்பு ஒன்றுபோல விழும்படி மாட்டத் தெரிந்த கை அவருடையது. ஏணி போனால் அந்தக் கைக்கு வேலை இல்லை. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள்: ஆறு மாதம். பிறகு டாக்டர் சொல்வதுதான் முடிவு.

கட்டு பிரித்த அன்றே ஏணியக்கா கொழுப்பைக் கரைக்கக் கிளம்பிவிட்டார். மூன்று வாரம் வெள்ளரிக்காயும் வெந்நீரும்தான். நான்கு கிலோ குறைந்தது. கூடவே தலையும் சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"கொழுப்போட சேர்த்துத் தசையையும் கரைக்கிறீங்க. தசை போனா மறுபடியும் விழுவீங்க. முட்டை, பருப்பு, பால் சாப்பிடுங்க. இனிப்பை விடுங்க. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாம எழுந்து உட்காருங்க. அப்புறம், சமையல் மேடையைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக்கால்ல நிக்கணும்."

மகள் குபீரென்று சிரித்துவிட்டாள். "அது மட்டும் அம்மாவுக்குச் சொல்லியே குடுக்க வேண்டாம் டாக்டர்."

அப்படியே நின்றார். ஒரு திரை ஓரம் அடித்து முடித்தால் பத்து முறை எழுந்து உட்காருவது. சோறு வேகும்வரை சமையல் மேடையைப் பிடித்து ஒற்றைக்கால். முதல் வாரம் மூன்று விநாடிகூட நிற்க முடியவில்லை, அழுகையே வந்தது. அழுதுகொண்டே காலை மாற்றினார். திரை வளையங்களைப் பையில் போட்டு, முறிந்த கையால் தூக்கிப் பழகினார். காலையில் நடை. பிஸ்கட் டிராயரில் ஊசிகளைக் கொட்டிவைத்தார், கை தானாகப் போனாலும் குத்தட்டும் என்று. இரண்டு தடவை குத்தியது.

ஆறு மாதம் முடிந்தது. புது ஸ்கேனில் ஈரலின் கொழுப்பு குறைந்திருந்தது. டாக்டர் அவரை ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது விநாடி கழித்து, "போதும், காலை இறக்குங்க" என்று அவரே சொல்லவேண்டியிருந்தது.

"கால் நல்லா இருக்கு. ஆனா எலும்பு ஆறு மாசத்துல மாறிடாது. மாத்திரையை விடாதீங்க. ஏணியில மூணு படி. அதுக்கு மேல கூடாது."

ஏழு படி ஏறினவருக்கு மூன்று. வீட்டுக்குள் வந்ததும் ஏணியக்கா சங்கிலிச் சாவியைக் கேட்டார். மகள் தயங்கியபடியே கொடுத்தாள்.

ஏணியைப் படுக்கப் போட்டு, மேல் மூன்று படியை மட்டும் விட்டு, அதற்குக் கீழே கோடு போட்டு, ரம்பத்தை எடுத்து அறுக்க ஆரம்பித்தார். முறிந்த கைதான் அறுத்தது. நான்கு கால்களும் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

"மேல மாட்ட என்ன பண்ணுவே?"

"நீளக் கழியில கொக்கி வெச்சு மாட்டுவேன். கழிக்கு எலும்பு உடையாது."

நிமிர்த்தி வைத்தார்கள். ஒரு கால் லேசாக ஆடியது. மகள் பழக்க தோஷத்தில் மேஜையிலிருந்த புது ரிப்போர்ட்டை மடித்து அடியில் வைக்கக் குனிந்தாள்.

"ஏய், எடுடி அதை! அது என் ஈரல்" என்று பிடுங்கிக்கொண்டார் ஏணியக்கா. பிறகு மறுபடியும் ரம்பத்தை எடுத்து, மற்ற மூன்று கால்களையும் அந்தக் குட்டைக் காலுக்குச் சமமாக அறுத்தார்.