பன்னிரண்டு நாள் சும்மா இருந்த கை

என் பெண்டாட்டி சிவனம்மாளுக்குக் கைரேகை இல்லை. இருபத்தெட்டு வருசம் கூடக் குடும்பம் நடத்திய எனக்கே இது தெரியாது. பேங்க் மெஷின்தான் கண்டுபிடித்தது.

சாணார்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவளுக்குப் புளி தட்டுகிற வேலை. வியாபாரி கொண்டுவந்து கொட்டுவதை ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கூலி. பதினாலு வயதில் உட்கார்ந்தவள். புளி அரித்து அரித்து விரல் நுனியெல்லாம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிட்டது.

அவளுடைய மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். இந்த வருசம் பேங்க்கில் குழுக்கடன் கேட்டிருந்தார்கள். கடன் வந்தால் மாசியில் சொந்தமாகப் புளி வாங்கித் தட்டி விற்கலாம், அடுத்தவன் புளிக்குக் குனிய வேண்டாம். அதற்குப் பன்னிரண்டு பேரும் மெஷினில் விரல் வைத்தாக வேண்டும். பதினோரு பேருக்குப் பச்சை விளக்கு எரிந்தது. இவளுக்குச் சிவப்பு. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று.

பேங்க்காரத் தம்பி, "கைக்கு ஓய்வு குடுத்தா ரேகை திரும்பி வரும்மா. பன்னெண்டு நாள் கழிச்சு வாங்க. அதுக்கு மேல தள்ள முடியாது" என்றார்.

வெளியே வந்ததும் குழுவில் ஒருத்தி, மூக்காயி, மெதுவாக ஆரம்பித்தாள்.

"சிவனம்மா பேரை எடுத்துட்டு வேற ஆளப் போட்டா என்ன?"

தலைவி நாகஜோதி நின்றுவிட்டாள். "போன மழைக்கு உன் வீடு ஒழுகுச்சே, எங்க போய்ப் படுத்த?"

"அக்கா வீட்டுல."

"எந்த அக்கா?"

மூக்காயி என் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு நாளைக்கு அவள் கையில் ஒரு வேலையும் படக்கூடாது என்று முடிவானது. தண்ணீர் எடுக்க ஒருத்தி, பாத்திரம் விளக்க ஒருத்தி என்று முறை வைத்து வந்தார்கள். துணி துவைக்க மூக்காயி.

"காத்தமுத்தண்ணே, சோறாக்குறது உங்க பொறுப்பு" என்று நாகஜோதி எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள்.

நான் வைத்த வெஞ்சனத்தைத் தின்றுவிட்டு, "இதுக்கு ரேகை இல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள் சிவனம்மாள்.

முதல் மூன்று நாள் அவள் கை அடங்கவில்லை. பகலில் கண்ணயர்ந்தால்கூட விரல்கள் காற்றில் புளி உரித்தன. நான் பிடித்துக்கொண்டால் நிற்கும்.

நாலாம் நாள் அடங்கியது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்தாள். சிறுமலை மேல் ஒரு மேகம் நின்றது. மதியம் பூரா அதையே பார்த்தாள். வெயில் அவள் மடியில் ஏறி, முழங்காலில் இறங்கி, மண்ணுக்குப் போனது. உள்ளங்கையில் ஒரு சருகு விழுந்தது. தட்டிவிடவில்லை.

"கடைசியா எப்ப இப்பிடி உக்காந்த?" என்றேன்.

"கல்யாணத்துக்கு மொத நாளு. மருதாணி வச்சுவிட்டாங்க. சின்னம்மா சோறு ஊட்டுச்சு. மருதாணி காயவே கூடாதுன்னு சாமியக் கும்புட்டேன்."

"ஏன்?"

"காஞ்சா கழுவிட்டு எந்திரிக்கணும்ல."

ஒன்பதாம் நாள் ஒரு கனவு சொன்னாள். "கட்டவிரல்ல கம்மாத் தண்ணி கெடக்குய்யா. காத்தடிக்க அடிக்க வட்டம் வட்டமா அலை ஓடுது. ஒண்ணும் கரைக்கு வரமாட்டேங்குது."

அவள் விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இருந்தது. தரிசாகப் போட்ட காட்டில் பழைய உழவுச் சால் தெரிகிற மாதிரி, மெலிசாக.

குறித்த நாளில் நானும் பேங்க்குக்குப் போனேன். முதல் தடவை சிவப்பு. மறுபடியும் சிவப்பு. மூக்காயி முந்தானையால் அவள் கட்டைவிரலைப் பிள்ளைக்கு மூக்குத் துடைப்பது போலத் துடைத்துவிட்டாள். மூன்றாம் தடவை பச்சை எரிந்தது. பதினோரு பேரும் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் உள்ளே ஓடி வந்தார். சிவனம்மாள் கத்தவில்லை. யாரோ கொடுத்து வைத்த பொருளைப் போலத் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது மினி பஸ்ஸில் உட்கார இடமில்லை. வளைவில் தள்ளாடினாள்.

"கம்பியப் புடி" என்றேன்.

"நாளைக்குப் புளி பாக்கப் போகணும். அப்பறம் இந்தக் கைக்கு ஏது நேரம்? இன்னைக்கு ஒருநா சும்மா கெடக்கட்டும்."

"விழுந்தா?"

"நீ எதுக்குய்யா இருக்க?"

ஒரு கையில் கம்பி, ஒரு கையில் அவள். ஊர் வருகிற வரைக்கும் அப்படியே நின்றுகொண்டு வந்தேன்.