உள்ளிருந்து திறக்காத கதவு

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நூம்பலில் என் கார் ஷெட்டில் பட்டப்பகலில் நடந்தது இது. கதை கட்டுகிற ஆள் நான் இல்லை.

பழுதுபார்க்க வந்திருந்தது பூந்தமல்லி சண்முகசுந்தரத்தின் குடும்பக் கார். தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய பணக்கார வண்டி. டிரைவருக்கும் பின் சீட்டுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. ஒரே கோளாறு, பின் கதவுகள். கீல் பின்பக்கம் இருந்ததால், ஓடும்போது கொக்கி நழுவினால் காற்றே கதவைப் பிடுங்கித் திறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம். ஓட்டப் போவது நான். பின் சீட்டில் உட்காரப் போவது என் மகள் கிருஷ்ணப்பிரியா, ஆறு வயசு. சும்மா விடுவேனா? இரண்டு கதவுக்கும் வெளிப்பக்கம் தாழ் வைத்தேன். உள்ளிருந்து திறக்கவே முடியாது.

ஸ்க்ரூவுக்கு இடம் குறித்தால், அதே இடத்தில் பட்டி வைத்து அடைத்த பழைய ஓட்டைகள். எனக்கு முன்னால் ஒருவன் இதே மாதிரி யோசித்திருக்கிறான் என்று பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் ஒரு தாழ் கழன்று பின் சீட்டில் கிடந்தது. ஈரமாக... வெல்டர் கங்காதரனைப் பார்த்துக் கத்தினேன்.

“ஷெட்டு சாவி உங்கிட்ட கீது. நான் எப்டி அண்ணாத்தே தொடுவேன்?”

தாழைத் திரும்பப் பொருத்தினேன். நானே உள்ளே ஏறி, கங்காதரனைத் தாழ் போடச் சொல்லி உதைத்துப் பார்த்தேன். அசையவில்லை. திடீரென்று மழை. வெளியே காயப்போட்ட சீட் துணியை எடுக்கக் கங்காதரன் ஓடினான். மணி 2.40.

சேற்று வாடை... ஏரிச் சேறு.

கணுக்கால்வரை சில்லென்றது.

டக்... டக்... டக்...

மறுபக்கக் கண்ணாடி. திரும்பினேன். யாருமில்லை.

ஒரு சின்னக் கைத்தடம். உள்பக்கம்.

அலறினேன். கங்காதரன் ஓடிவந்து தாழை நீக்கினான். வெளியே விழுந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. சீட்டையே பார்த்தான்.

“இன்னா அண்ணாத்தே, பாப்பாவயும் உள்ள வெச்சிகினியா?”

என் மகள் அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அன்றே தாழ்களைப் பிடுங்கினேன். ஓட்டத்தில் நழுவாத, உள்ளே கைப்பிடியைத் திருப்பினால் திறக்கிற இரட்டைக் கொக்கி வைத்தேன். சண்முகசுந்தரத்திடம் சொன்னேன்.

“தாத்தாவும் வெளிய தாழ் போட்டிருந்தாரு. வண்டி ஏரிக்குள்ள எறங்கிருச்சு. டிரைவர் நீந்தி வந்துட்டான். பின்னாடி அவரோட கடைசிப் பொண்ணு.”

ஞாயிறு காலை. மகளை ஏற்றவில்லை, வேடிக்கை பார்க்க மட்டும் ஷெட்டுக்கு அழைத்து வந்தேன். வெயில் அடித்தது. காலியான பின் சீட்டின் கதவு, உள்ளிருந்து, மெதுவாகத் திறந்தது.

கிருஷ்ணப்பிரியா ஒதுங்கி நின்றாள்.

“ஏன்மா நகர்ற?”

“அவ எறங்க வேணாமா?”

சிமெண்டுத் தரையில் சின்ன ஈரப் பாதங்கள். நாங்கள் வந்த ஸ்கூட்டர்வரை போயிருந்தன. அதற்கப்புறம் இல்லை.