சுரண்டித் திருத்திய எண்

பல்கலைக்கழகத்தில் நான் தெரிவுசெய்திருந்த கீழைத்தேய இலக்கிய வரலாற்று வகுப்புக்குப் பத்துப் பேர்கூட வருவதில்லை. ஒரு பிற்பகல் பேராசிரியை, யப்பானில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழைய மாவட்ட நிர்வாகக் கந்தோர் ஒன்றின் படங்களைச் சுவரில் காட்டினார். கட்டடம் என்று சொல்ல எதுவும் இல்லை. மண் தரையில் வரிசையாகத் தூண்கள் நின்ற குழிகள், களஞ்சியங்கள் இருந்த இடங்கள், ஒரு கிணறு, கழிவுகள் வீசப்பட்ட வாய்க்கால். அந்த வாய்க்காலின் ஈரத்தில் மரச்சீவல்கள் உக்காமல் கிடந்தன. எழுத்தர்கள் மெல்லிய பலகைத் துண்டுகளில் பெயர்களையும் நெல்லின் அளவையும் எழுதினார்கள். எழுத்துப் பிழைத்தால் சிறு கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி எழுதினார்கள். சீவல்கள் பலவற்றில் பாதி எழுத்தே எஞ்சியிருந்தது.

அன்று மாலை சமையலறை மேசையில் குறிப்புகளைப் படியெடுத்தபோது அம்மா அது என்னவென்று கேட்டார். சொன்னேன்.

“கந்தோர்காரரே சுரண்டினவையோ?”

“ஓம். அங்கை அதுதான் முறை.”

“நல்ல முறைதான்.”

அவர் தம்முடைய பெர்மெஸ்ஸோவை நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தோன்றவில்லை. இத்தாலியில் தங்குவதற்கான அந்த அனுமதிப் பத்திரத்தில் பிறந்த ஆண்டு பிழை. விண்ணப்பத்தில் ஏழு என்ற எண்ணை அம்மா நம் வழக்கப்படி குறுக்குக் கோடின்றி எழுதியிருந்தார். இங்கே அது ஒன்று என்று வாசிக்கப்பட்டது. மன்னாரில் சின்னம்மாவின் திருமணத்துக்கு ஐந்து வாரங்களே இருந்தன. பத்திரம் கடவுச்சீட்டுடன் ஒத்துப்போகாவிட்டால், போய்த் திரும்பிவரும் அனுமதி கிடைக்காது. முறைப்படி திருத்த மாதக்கணக்காகும்.

அந்த அனுமதி தரும் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் வரிசையில் நின்றபோதுதான் அம்மா பத்திரத்தை என்னிடம் தந்தார். ஓரிடத்தில் தாள் மெலிந்து பஞ்சுபோல் ஆகியிருந்தது. சவர பிளேட்டால் சுரண்டி ஏழு எழுதியிருந்தார். இம்முறை இத்தாலியரைப்போலக் குறுக்குக் கோட்டுடன்.

“அம்மா, இதைக் களவு எண்டு சொல்லுவினம்.”

“பிழையை அழிச்சது களவோ? நீதானே பிள்ளை, கந்தோர் முறை எண்டனி.”

“அது ஆயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முன்னம்.”

“இவ்வளவு காலமாகியும் இவையள் அதைப் பழகேல்லையே?”

கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவர் பத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். யார் செய்தது என்று கேட்டார். நான் மொழிபெயர்க்க வந்திருந்தேன். அந்தக் கேள்வியை மொழிபெயர்க்கவில்லை. “நான்” என்று இத்தாலியத்தில் சொன்னேன். அவர் என் பெயரை எழுதிக்கொண்டார். பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு பற்றுச்சீட்டைத் தந்தார். அதைக்கொண்டு நாங்கள் வசிக்கும் பலேர்மோவில் இருக்கலாம். பயணம் போக முடியாது.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார்:

“ஏன் பொய் சொன்னனி?”

“முழுப் பொய் இல்லை.”

அவர் பற்றுச்சீட்டை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

திருமணத்தன்று அம்மா வழமைபோலப் பொலிதேயாமா அரங்குக்கு அருகே எசமானி சின்யோராவின் வீட்டுக்கு வேலைக்குப் போனார். நானும் விரிவுரையை விட்டுவிட்டுக் கூடப் போனேன். மன்னாரில் திருப்பலி முடிந்திருக்கும் நேரத்தில் அவர் யன்னல் துடைப்பதை நிறுத்தி, ஈரக்கையைப் பாவாடையில் ஒற்றிக்கொண்டு, சிலுவை அடையாளம் இட்டார். பிறகு அடுத்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.