கல்யாணக் காரில் தேனீக் கூட்டம்

என் அம்மா ஒரு கல்யாணக் காரை மீட்ட கதையை இன்றைக்குச் சொன்னாலும் எனக்கு மூச்சு வாங்கும்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. அம்மா மார்த்தாண்டத்தில் ஒரு தேன் கடையில் வேலை பார்த்தாள். பின்னறையில் உட்கார்ந்து தேனை வடிகட்டிக் குப்பிகளில் ஊற்றி மூடி போடுவது அவள் வேலை. மலையோர ரப்பர் தோட்டங்களில் இருந்த தேன்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். ஊருக்குள் எங்காவது தேனீக் கூட்டம் வந்து இறங்கினால் பிடித்து வருவதும் அவர்தான். அம்மாவுக்குத் தேனீயோடு இருந்த உறவெல்லாம், குப்பி வாயில் வந்து உட்காரும் ஒன்றிரண்டைத் துண்டால் விரட்டுவது. அதையும் எட்டி நின்றுதான் செய்வாள்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் நானும் கடையில் இருந்தேன். முதலாளிக்குப் போன் வந்தது. சர்ச் வாசலில் நிற்கும் கல்யாணக் காரில் தேனீக் கூட்டம் தொங்குகிறது, உள்ளே கல்யாணம் நடக்கிறது, பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வருவதற்குள் ஆள் வேண்டும். மாமாவோ மலையில். முதலாளி கடை முழுவதும் பார்வையை ஓட்டினார். இருந்தது அம்மாவும் நானும்தான்.

“நீ போயிட்டு வா பிள்ளே.”

“நான் குப்பியில தேன் ஊத்துறவளாக்கும்,” என்றாள் அம்மா. “ஈயைத் தொட்டதே இல்ல.”

“உனக்க அண்ணன் போன்ல சொல்லித் தருவான். நானே போவேன். ஆனா ஒரு கொட்டு பட்டாப் போதும், எனக்க மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கிரும்.”

தேன் விற்றே வீடு கட்டியவர் அவர். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஏற்கெனவே செருப்பை மாட்டியிருந்தேன்.

ஆட்டோவில் எங்கள் மடிமேல் காலிப் பெட்டி. அம்மாவின் காதில் போன். மாமா சொல்வதை எல்லாம் அவள் உரக்கத் திரும்பச் சொன்னாள். “கூட்டமா வந்து இறங்கின ஈக்கு வயிறு நெறஞ்சிருக்கும், சட்டுனு கொட்டாது. தண்ணி தெளிக்கணும். பெட்டியைக் கீழ பிடிக்கணும். ராணி உள்ள போனா மத்தது எல்லாம் பின்னால போவும்.” நானும் கூடவே பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

சர்ச் வாசலில் ஜனம் வட்டமாக நின்றது. நடுவில் பூ அலங்காரத்தோடு வெள்ளைக் கார். அதன் பக்கக் கண்ணாடியிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு பலாக்காய் தொங்கியது. அந்தப் பலாக்காய் அசைந்தது, ரீங்காரமிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கம்பில் சுற்றிக்கொண்டிருந்தார். “எனக்க வண்டி, எனக்க வண்டி!” என்று டிரைவர் கத்தினார்.

“தீயைக் கொண்டு வரப்பிடாது! எல்லாரும் தள்ளி நில்லுங்க!”

அப்படியொரு குரல் அம்மாவிடம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கம்பைப் பிடித்திருந்தவர் இரண்டடி பின்னால் போனார்.

அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, தேனீக் கூட்டத்தின்மேல் தண்ணீரைத் தெளித்தாள். “அண்ணே, ராணி எப்படி இருக்கும்?”

“மத்ததவிட நீளமா...” என்றார் மாமா. அதோடு சத்தம் நின்றது. மலையில் சிக்னல் போய்விட்டது. திரும்பத் திரும்ப அழைத்தும் கிடைக்கவில்லை. உள்ளே கடைசிப் பாட்டைப் பாடத் தொடங்கினார்கள்.

அம்மா போனை என்னிடம் கொடுத்தாள். “பைய பின்னால போ மக்கா.” சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “ஆண்டவரே!” என்று ஒரு தடவை சொன்னாள். இடது கையால் பெட்டியைக் கீழே பிடித்து, வலது கையைக் கண்ணாடிக்கும் தேனீக்களுக்கும் நடுவில் நுழைத்தாள். கை மணிக்கட்டு வரை காணாமல் போயிற்று. நான் வீறிட்டேன். பயமா, சந்தோஷமா, இரண்டும் சேர்ந்துதான்.

அப்படியே வழித்தாள். பலாக்காய் தொப்பென்று பெட்டியில் விழுந்தது. பாதிப் படை குபீரென்று மேலே கிளம்பியது. ஜனம் சிதறி ஓடியது. போட்டோக்காரர் தூணுக்குப் பின்னால் போனார். ஒரு தேனீ அம்மாவின் காதில் கொட்டியது. அவள் முகம் சுளித்தாளே தவிரப் பெட்டியை அசைக்கவில்லை.

நான் ஓடவில்லை. அதனால்தான் பார்த்தேன். பெட்டியின் விளிம்பில் நாலைந்து தேனீக்கள் வாலைத் தூக்கிக்கொண்டு வேகவேகமாகச் சிறகடித்தன. வானத்தில் சுற்றியவை ஒவ்வொன்றாக இறங்கி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்போல வரிசையாக உள்ளே நடந்தன.

“ராணி உள்ள இருக்கு மக்கா! உள்ள இருக்கு!”

அம்மா சிரித்தாள். அழுதாள் என்றும் சொல்லலாம்.

மணமக்கள் வெளியே வந்தபோது கண்ணாடியில் இரண்டு மூன்று தேனீக்கள்தான் மிச்சம். மதில்மேல் நிழலில் இருந்த பெட்டியைப் பார்க்க மணப்பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். “கொட்டலியாக்கா?”

“கொட்டிச்சே!” என்றாள் அம்மா, பரிசு வாங்கியவள்போல.

பொழுது சாய்ந்து, தேனீக்கள் எல்லாம் அடங்கிய பிறகு பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தோம். மலையிலிருந்து இறங்கிவந்த மாமா, தங்கையின் வீங்கிய காதையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெட்டியை வாங்கக் கை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை.

“இருக்கட்டும் அண்ணே. நானே கொண்டு வாறேன். நாளைக்கு எப்ப மலைக்குப் போவிய?”

மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். “விடியும்போதே கெளம்பணும்,” என்றார்.

“நான் வாறேன்.”

விடியும்போதே போனால் எனக்கு யார் தலை பின்னுவது என்று நான் அங்கேயே அழத் தொடங்கினேன். கார் போய்விட்டது, கல்யாணம் முடிந்துவிட்டது, தேனீயையும் பிடித்தாயிற்று. இனியும் அம்மா எதற்காக மலைக்குப் போக வேண்டும் என்று எனக்குப் புரியவேயில்லை.