கேன் கழற்றிய நாள்

பள்ளிக்கூடம் லீவு விட்ட அன்றே எனக்குக் கவலை தொடங்கிவிட்டது. ஐந்தாம் வகுப்பு முடித்த மகள் படித்ததெல்லாம் இந்த வெயிலில் ஆவியாகிப் போய்விடுமோ என்ற பயம். நான் ஏழாவதோடு நின்றவன். வேங்கிக்காலில் அரசு அலுவலகங்கள் இருக்கும் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். மகள் பின்னக் கணக்கு கேட்டால் 'அம்மாவைக் கேள்' என்பேன். அவள் அம்மா 'மிஸ்ஸைக் கேள்' என்பாள். இப்போது மிஸ்ஸுக்கும் லீவு.

டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்தேன். ஒருவர் அபாகஸ் என்றார். ஒருவர் ஸ்போக்கன் இங்கிலீஷ் என்றார். எல்லாவற்றிலும் சேர்த்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். மகளோ போனைப் பார்த்துக்கொண்டு குப்புறப் படுத்தபடியே, "நான் நீச்சல் கத்துக்கணும்பா" என்றாள்.

எனக்கு நீச்சல் தெரியாது. ஒவ்வொரு கோடையிலும் எங்காவது ஒரு கிணற்றில் பிள்ளைகள் மூழ்கிய செய்தி பேப்பரில் வரும். அன்றைக்குப் பேப்பரை மடித்துச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் செருகிவிடுவேன். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றேன்.

"தெரியாம எறங்கறதாலதான போவுதுங்க?" என்றாள் மனைவி. "கத்துக்கட்டும். என் தம்பி கெணறு சும்மாதான கெடக்குது."

அவள் சொன்னது நியாயம்தான். அதனால்தான் பயம் ஜாஸ்தியானது. கற்றுக்கொடுக்காவிட்டால் என்றைக்காவது தோழிகளோடு போய் இறங்கிவிடுவாள். கற்றுக்கொடுத்தால் இன்றைக்கே இறங்குவாள்.

மச்சானுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போட்டிருக்கிறான். நடுவில் பெரிய கிணறு. காலை வியாபாரம் அடங்கியதும் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு மகளை வண்டியில் அழைத்துப் போவேன். மச்சான் காலி எண்ணெய் கேனின் மூடியை இறுக்கி அவள் முதுகில் கட்டுவான். இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை, கிணற்று மேட்டில் நிற்கும் என் கையில். முதலில் பெரிய கேன், பழகியதும் சின்ன கேன். கேன் சிறுத்துக்கொண்டே வர, கயிற்றை இறுக்கிப் பிடித்துப் பிடித்து என் உள்ளங்கை காய்த்துப்போனது.

அன்று மச்சான் கேனை எடுக்கவே இல்லை. "இன்னிக்கு கயிறு மட்டும் போதும் மாமா" என்றான்.

"இன்னும் நாலு நாள் போவட்டுமே மச்சான்."

"நீங்க இப்படிச் சொல்லிக்கினே இருந்தா அது கேனோடதான் கல்யாணம் கட்டிக்கும்."

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இடுப்பில் அவன் போட்டது மாட்டைக் கட்டும் உருவு முடிச்சு. நுனியை ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். "கெட்டி முடிச்சா போடு" என்றேன். "கெட்டி முடிச்சு போட்டா, எங்கனா மாட்டிக்கினா எப்படி அவுக்கறது?" என்று கேட்டுவிட்டு அவன் பாட்டுக்குத் தண்ணீரில் குதித்து எதிர்ச் சுவர் பக்கம் போய், "வாடா கண்ணு" என்று கூப்பிட்டான்.

மகள் படியிலிருந்து நழுவி இறங்கினாள். கையும் காலும் அடித்து, வாயால் காற்றை ஊதிக்கொண்டு போனாள். போய்க்கொண்டேதான் இருந்தாள். எனக்குத்தான் கயிறு தளர்ந்து தொங்குவது பொறுக்கவில்லை. கொஞ்சம் இழுத்துப் பிடித்தேன். கயிறு வரவில்லை. கிணற்றுக்குள் இறங்கும் மோட்டார் பைப்பை இறுக்கியிருந்த கம்பியில், தண்ணீருக்கடியில், அது சிக்கியிருந்தது மேலிருந்து எனக்குத் தெரியவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். மகள் பக்கவாட்டில் பைப்பை நோக்கிச் சரிந்தாள். தலை உள்ளே போனது.

"வுடுங்க மாமா! கயித்த வுடுங்க!"

மச்சான் கத்துவது கேட்டது. கேட்டும் என் விரல்கள் பிரியவில்லை. விட்டால் அவள் அடியில் போய்விடுவாள் என்று உடம்பு முழுக்க அடித்துச் சொன்னது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி இழுத்தேன்.

கயிறு வெறுமனே வந்தது. இழுத்த வேகத்தில் பின்னால் போய் மல்லாட்டைச் செடிமேல் விழுந்தேன். கையில் ஈரக்கயிறு மட்டும். தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தேன்.

அவள் படியைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள்ளேயே முடிச்சை உருவிவிட்டிருக்கிறாள். மச்சான் பக்கத்தில் போய்ச் சேர்வதற்குள் அவளே படிக்கு வந்துவிட்டாள்.

"ஏறி வா. வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"இப்ப ஏறுனா அப்புறம் எப்பவும் எறங்காது மாமா" என்றான் மச்சான்.

"எறங்காட்டிப் போவட்டும்."

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "ஏம்பா இழுத்த? நான் நல்லாதான போய்க்கினு இருந்தேன்?"

கையிலிருந்த ஈரக்கயிற்றைக் கீழே போட்டேன்.

"இன்னொருவாட்டி போறேன். கயிறு வேணாம். நீ மேல நிக்காத, உன் மூஞ்சியப் பாத்தாதான் எனக்குப் பயம் வருது. கீழ வந்து குந்து."

சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள்தான் படி. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். "பாத்து மாமா, கேன் உங்களுக்குத்தான் கட்டணும் போலக்கீது" என்றான் மச்சான். கடைசிக் கல்லில் உட்கார்ந்தேன். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. கருப்பாக இருந்தது.

அவள் போனாள். பைப்பைத் தாண்டினாள். எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். பாதி வழியில் வேகம் கம்மியானது. முகவாய் தண்ணீரில் முங்கி முங்கி எழுந்தது. மச்சான் கூடவே வந்தான், கை கொடுக்கவில்லை. நான் கல்லின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

குளிர்ந்த கை ஒன்று என் கணுக்காலைப் பிடித்தது.

"பாத்தியாப்பா?"

"பாத்தேன்."

"பொய். கடசீல கண்ண மூடிக்கின. நான் பாத்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டே என் காலை விட்டாள். "இரு, இன்னொருவாட்டி போறேன். தொறந்து வெச்சிக்கினு பாரு."