சந்தனம் இல்லாத கவர்

என் மேசை இழுப்பறையில் அரக்கு முத்திரை வைத்த பழுப்புக் கவர் ஒன்று கிடக்கிறது, மேலெல்லாம் சந்தனக் கறை. முப்பது வருடங்களாகியும் நான் அதைப் பிரிக்கவில்லை. பிரித்தால் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார் என்று, அதைக் கொடுத்த சிஸ்டம் சார்மேல் இன்னும் பயம்.

எண்பதுகளின் கடைசியில், அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. நான் வேப்பந்தட்டையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் தற்காலிக ஆபரேட்டர். அந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. கம்ப்யூட்டர் பிரிவுக்கே பொறுப்பான சிஸ்டம் சார் வரதராஜன்பேட்டைக்காரர். டீ கொண்டுவருபவர் இரண்டாம் முறை எட்டிப் பார்த்தாலே எதற்கு என்று கேட்பார். கம்ப்யூட்டருக்குள் யார் நுழையலாம், எதைப் பார்க்கலாம் என்ற பெயர்ப்பட்டியலை மாற்றும் மாஸ்டர் பாஸ்வேர்ட் அவருக்கு மட்டுமே தெரியும். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அதை ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு, அரக்கு வைத்து, மேனேஜரின் இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த காலை, பட்டியலில் யாரென்றே தெரியாத ஒரு பெயர், சாருக்குச் சமமான அதிகாரத்தோடு இருந்தது. அந்தப் பெயரில் நுழைந்து எத்தனை லாரி சிமென்ட்டுக்கு வேண்டுமானாலும் உத்தரவு அச்சடிக்கலாம். சார் அதை அழித்துவிட்டு இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கவர் இருந்தது, அரக்கு உடையவில்லை. அப்படியானால் அவர் தட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்தான் திருடியிருக்க வேண்டும். பக்கத்தில் எப்போதும் இருந்தது நான்.

"நான் டைப் அடிக்கிறப்ப பாத்தியாம்மா? உண்மையச் சொல்லிடு."

"சத்தியமா இல்லங்க சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு அந்தக் கவரையே பார்த்தேன். அது கறையில்லாமல் இருந்ததுதான் உறுத்தியது.

பூஜையன்று இரும்புப் பெட்டியில் உள்ளதையெல்லாம் வெளியே எடுத்துப் படைப்பது ஆபீஸ் வழக்கம். சார் அன்று ஊருக்குப் போயிருந்தார். கவரும் வந்தது, அரக்கில் பதிக்கும் தபால் பிரிவின் பித்தளை முத்திரையும் வந்தது. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது நான். படைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். சாமிமுன் இருப்பதற்குக் காவல் வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. விடுமுறை முடிந்து மேனேஜர்தான் எல்லாவற்றையும் எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

"சார், இது வேற கவர். நான் வெச்ச சந்தனம் இதுல இல்ல."

யாரோ பிரித்துப் படித்துவிட்டு, புதுக் கவரில் போட்டு அதே முத்திரையை வைத்திருக்கிறார்கள். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"அப்ப கவரும் முத்திரையும் ஒரே மேசையில கெடந்தது ஒனக்குத் தெரியும்," என்றார் சார்.

அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆள் கடைசிவரை அகப்படவில்லை. மறுவாரம் அவர் என்னைக் கம்ப்யூட்டர்முன் உட்காரச் சொன்னார்.

"புது பாஸ்வேர்டுல முன்பாதிய நீ போடு, நான் திரும்பிக்கிறேன். பின்பாதி என்னுது."

"என்னை நம்புறீங்களா சார்?"

"இல்ல. என்னையும் நம்பல. அதான்."

நிரந்தர உத்தரவுக்கான பரிந்துரையிலும் அன்றே கையெழுத்திட்டார். ஓய்வுபெற்ற நாளில், அவசரமென்றால் மட்டும் பிரிக்க என்று தன் பாதியை இந்தக் கவரில் போட்டுக் கொடுத்தார். "பிரிச்சா எனக்குத் தெரிஞ்சிடும்," என்றார்.

அப்படி ஓர் அவசரம் வரவேயில்லை; அந்தக் கம்ப்யூட்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. சாரும் இல்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் கவருக்குச் சந்தனம் வைக்கிறேன். கவரைப் பூஜையில் மட்டும் வைப்பதில்லை. இழுப்பறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன்.